கட்டம் போட்ட கணித மேதை!

வீட்டில் ஒரு பெரிய கம்பளம் விரித்திருந்தது. கீழை நாட்டுக் கம்பளம். அதில் ஒன்றோடொன்று பின்னிப் பிணைந்த வேலைப்பாடுகள். அதன் மேல் நான்கு வயதுச் சிறுவன் ஒருவன் குதித்து ஆடிக்கொண்டிருந்தான். குதிக்கும்போதே குனிந்து அந்த வேலைப்பாடுகளைக் கண் கொட்டாமல் பார்த்தான்.

பக்கத்தில் நின்ற அப்பா சிரித்தார். சின்னப்பிள்ளை விளையாட்டு என்று அவர் சிரிப்பதாகப் பையனுக்குத் தோன்றியது. ஆனால், இந்தக் கோலத்தில் ஏதோ விசித்திரம் இருக்கிறது, அது எனக்குத் தெரிகிறது, அப்பாவுக்குத் தெரியவில்லை என்று அவன் நினைத்துக்கொண்டான்! பெரியவனான பிறகும் இந்த நினைவு அவனை விட்டுப் போகவில்லை. தன் வாழ்க்கைக் கதையை எழுதியபோது இதையும் எழுதி வைத்தார்.

அந்தச் சிறுவன்தான் ஸ்டானிஸ்லாவ் உலாம். இருபதாம் நூற்றாண்டின் பெரிய கணித மேதைகளில் ஒருவர்.

1909 ஏப்ரல் 13 அன்று லெம்பர்க் என்ற நகரில் பிறந்தார். அப்போது அது ஆஸ்திரிய-ஹங்கேரிப் பேரரசில் இருந்தது. முதல் உலகப் போருக்குப் பின் போலந்துக்கு வந்தது. இன்று உக்ரைன் நாட்டில், லிவிவ் என்ற பெயரில் இருக்கிறது. ஊர் இருந்த இடத்திலேயே இருந்தது, நாடுதான் மாறிக்கொண்டே போனது! அப்பா ஜோசப் ஒரு வழக்கறிஞர். வசதியான யூதக் குடும்பம்.

உலாம் என்ற பெயரைக் கேட்டதும் நமக்கு 'உலா' ஞாபகம் வரும். தமிழுக்கும் அந்தப் பெயருக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. ஆனாலும் எண்களோடு உலா வந்த மனிதருக்கு அது பொருத்தமான பெயர்தான்.

மகனுக்குச் சதுரங்கம் சொல்லிக் கொடுத்தவர் அப்பாதான். அவரிடம் சதுரங்கத்தைப் பற்றி ஒரு சிறிய புத்தகம் இருந்தது. அதிலுள்ள புகழ்பெற்ற ஆட்டங்களைக் கதை போலச் சொல்வார். எல்லாக் காய்களிலும் சிறுவனைக் கவர்ந்தது குதிரை! இரண்டு கட்டம் நேராக, பிறகு ஒரு கட்டம் பக்கவாட்டில் என்று கோணலாகத் தாவும். நடுவில் யார் நின்றாலும் கவலையில்லை, தாண்டிப் போய்விடும். எதிரியின் இரண்டு காய்களை ஒரே குதிரை ஒரே நேரத்தில் மிரட்டும் தந்திரம் இருக்கிறதே, அதைப் பார்த்து வாய் பிளந்துவிட்டான். அன்று பிடித்த சதுரங்க ஆசை கடைசி வரை விடவில்லை.

இந்தக் குதிரைக்கு இன்னொரு குணமும் உண்டு. வெள்ளைக் கட்டத்தில் நின்றால் அடுத்த தாவல் கறுப்புக் கட்டத்துக்குத்தான். கறுப்பில் நின்றால் வெள்ளைக்குத்தான். இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

1927-இல் தன் ஊரிலேயே இருந்த பொறியியல் கல்லூரியில் சேர்ந்தார் உலாம். அங்கே கணிதப் பாடம் அவரை இழுத்துக்கொண்டது. 1933-இல் டாக்டர் பட்டமும் வாங்கிவிட்டார்.

அந்த ஊர்க் கணித மேதைகள் கூடிப் பேசிய இடம் என்ன தெரியுமா? ஒரு காபிக் கடை! 'ஸ்காட்டிஷ் கபே' என்று பெயர். பனாக், மாசூர், உலாம் என்று ஒரு கூட்டமே மணிக்கணக்காக அங்கே உட்கார்ந்திருக்கும். பளிங்கு மேஜையின் மேலேயே பென்சிலால் கணக்குப் போடுவார்கள். மேஜையைத் துடைத்தால் கணக்கும் போய்விடும்! இது சரிப்படாது என்று 1935-இல் பனாக்கின் மனைவி ஒரு தடிமனான நோட்டுப் புத்தகத்தை வாங்கிக் கொடுத்தார். விடை தெரியாத கணக்குகளை எல்லாம் அதில் எழுதினார்கள். நோட்டைக் கடையிலேயே பத்திரமாக வைத்திருப்பார்கள். யார் கேட்டாலும் எடுத்துக் கொடுப்பார்கள்.

விடை கண்டுபிடிப்பவருக்குப் பரிசும் உண்டு. ஒரு கோப்பை காபி ஒரு கணக்குக்கு. இன்னொன்றுக்கு ஒரு விருந்து. 1936-இல் மாசூர் எழுதிய கணக்குக்கு உயிருள்ள வாத்து பரிசு! அந்தக் கணக்கு 36 ஆண்டுகள் யாருக்கும் பிடிபடவில்லை. 1972-இல் சுவீடன் நாட்டைச் சேர்ந்த பெர் என்ஃப்லோ விடை கண்டார். மாசூர் சொன்ன சொல் தவறாமல் வார்சா நகரில் அவருக்கு வாத்தைக் கொடுத்தார். (அதே வாத்து இல்லை, வேறு வாத்துதான்!)

1935-இல் உலாமுக்கு அமெரிக்காவிலிருந்து அழைப்பு வந்தது. அழைத்தவர் ஜான் வான் நியூமன் என்ற மாபெரும் கணித மேதை. அதன் பிறகு படிப்பும் வேலையும் அமெரிக்காவில், கோடை விடுமுறை சொந்த ஊரில் என்று வாழ்க்கை ஓடியது. 1939 கோடையிலும் ஊருக்கு வந்தார். அப்போது ஐரோப்பா முழுக்கப் போர் பயம். ஆகஸ்ட் 20 அன்று, 17 வயதுத் தம்பி ஆடமை அழைத்துக்கொண்டு 'பட்டோரி' என்ற கப்பலில் ஏறினார். துறைமுகம் வரை அப்பா வந்து வழியனுப்பினார்.

சரியாகப் பன்னிரண்டாவது நாள், செப்டம்பர் 1 விடிகாலையில், ஹிட்லரின் படை போலந்துக்குள் நுழைந்து தாக்கியது. இரண்டாம் உலகப் போர் தொடங்கிவிட்டது.

அப்பாவை அவர் மீண்டும் பார்க்கவே இல்லை. அப்பாவும், அக்கம்பக்கத்து உறவுகளும், உடன்பிறந்த சகோதரி ஸ்டெஃபானியாவும் யூதர்கள் என்ற ஒரே காரணத்துக்காகக் கொல்லப்பட்டார்கள். அம்மா முந்தைய ஆண்டே நோயில் இறந்திருந்தார். அண்ணனும் தம்பியும் மட்டும் மிச்சம். காபிக் கடை நண்பர்களிலும் சிலர் மாண்டனர். 1941-க்குப் பிறகு அந்த நோட்டில் புதிய கணக்கு எதுவும் எழுதப்படவில்லை. ஆனால் நோட்டு மட்டும் போரில் தப்பிப் பிழைத்தது. 1956-இல் அதன் பிரதி ஒன்று போலந்திலிருந்து உலாமின் கைக்கு வந்தது. அவர் அதை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து, நண்பர்களுக்கெல்லாம் அனுப்பி வைத்தார்.

அமெரிக்காவில் பிரான்சுவாஸ் என்ற பிரெஞ்சுப் பெண்ணை மணந்தார். போர் நடந்துகொண்டிருந்தபோது நியூ மெக்சிகோ மாநிலத்தின் லாஸ் அலமாஸ் என்ற மலைப் பகுதியில் ரகசியமாக அணுகுண்டு தயாரித்தார்கள் அல்லவா? அந்த ஆய்வுக்கூடத்தில் உலாமும் வேலை பார்த்தார்.

போர் முடிந்தது. லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் பேராசிரியர் வேலை. 1946-இல் ஒரு நாள் தாங்க முடியாத தலைவலி வந்தது. பேச்சு குழறியது. சொல்ல நினைத்த வார்த்தை வாயில் வரவில்லை. மூளைக் காய்ச்சல்! டாக்டர்கள் மண்டை ஓட்டைத் திறந்து அறுவை சிகிச்சை செய்தார்கள். உயிர் பிழைத்துவிட்டார். ஆனால் மூளை பழையபடி வேலை செய்யுமா? கணிதத்தையே உயிராக நினைத்தவருக்கு அதுதான் பெரிய பயம்.

டாக்டர் வந்து, 13-உம் 8-உம் எத்தனை என்று கேட்டார். இவ்வளவு பெரிய பேராசிரியரிடம் ஒன்றாம் வகுப்புக் கணக்கு! உலாமுக்கு வெட்கமாகிவிட்டது. பதில் சொல்லாமல் தலையை ஆட்டினார். சரி, 20-இன் வர்க்கமூலம் என்ன என்று அடுத்த கேள்வி வந்தது. ஏறக்குறைய 4.4 என்றார் உலாம். டாக்டரிடம் சத்தமே இல்லை. சரிதானே என்று உலாம் திருப்பிக் கேட்க, எனக்குத் தெரியாதே என்று டாக்டர் சிரித்துவிட்டார்! (சரியான விடை 4.47 சொச்சம். மண்டையில் கட்டுப் போட்டவருக்கு அது போதாதா?)

அப்படியும் பயம் போகவில்லை. மருத்துவமனையை விட்டுக் கிளம்பும் நாளில் நண்பர் பால் எர்டிஷ் வந்து சேர்ந்தார். அவரும் கணித மேதை. வழியெல்லாம் கணக்கைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தார். பிறகு ஒரு நாள் சதுரங்கம் ஆடலாமா என்றார். காய்களை எப்படி நகர்த்துவது என்பதாவது நினைவிருக்கிறதா என்ற தயக்கத்தோடு உட்கார்ந்தார் உலாம்.

ஜெயித்துவிட்டார்!

உடனே சந்தேகம் வந்தது. நோயாளி ஆயிற்றே என்று எர்டிஷ் விட்டுக்கொடுத்திருப்பாரோ? எர்டிஷ் இன்னொரு ஆட்டம் கூப்பிட்டார். களைப்பாக இருந்தாலும் உலாம் ஒப்புக்கொண்டார். அதிலும் ஜெயித்தார். இப்போது எர்டிஷ்தான், போதும், எனக்குக் களைப்பாக இருக்கிறது என்று எழுந்தார். அவர் சொன்ன விதத்திலேயே உலாமுக்குப் புரிந்துவிட்டது: நண்பர் விட்டுக்கொடுக்கவில்லை, நிஜமாகவே தோற்றிருக்கிறார்! எந்த மருந்தும் தராத தெம்பை அந்த இரண்டு ஆட்டங்கள் கொடுத்தன.

மூளைக்கு அதிகம் வேலை கொடுக்கக் கூடாது என்று டாக்டர்கள் சொல்லியிருந்ததால், ஓய்வு நாட்களில் தனியாகச் சீட்டு அடுக்கி விளையாடினார். 52 சீட்டைக் கலைத்துப் போட்டால் இந்த ஆட்டத்தில் ஜெயிக்க எத்தனை வாய்ப்பு? கணக்குப் போட்டுப் பார்த்தார், தலை சுற்றியது. கணக்கே போடாமல் நூறு முறை விளையாடி, எத்தனை முறை ஜெயித்தோம் என்று எண்ணினால் போதாதா என்று தோன்றியது. மனிதன் நூறு முறை ஆடினால், கணினி லட்சம் முறை ஆடுமே! நியூட்ரான் துகள்கள் எப்படி ஓடும் என்பதையும் இதே மாதிரி கண்டுபிடிக்கலாமே! வான் நியூமனிடம் சொன்னார். இருவரும் சேர்ந்து அதை வளர்த்தார்கள். சூதாட்டத்துக்குப் பேர்போன ஊரின் பெயரால் அதற்கு 'மான்டே கார்லோ முறை' என்று பெயர் வந்தது. இன்றும் அறிவியலிலும் பொறியியலிலும் இந்த முறை இல்லாத துறையைத் தேடத்தான் வேண்டும்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். அணுகுண்டை விடப் பல மடங்கு பயங்கரமான ஹைட்ரஜன் குண்டு எப்படி வேலை செய்யும் என்று 1951-இல் வழி கண்டவர்கள் எட்வர்ட் டெல்லரும் உலாமும்தான். 1952 நவம்பர் 1 அன்று பசிபிக் கடலில் அதை வெடித்துப் பார்த்தபோது, எலுகிலாப் என்ற சிறு தீவே இல்லாமல் போனது. போரில் குடும்பத்தையே பறிகொடுத்தவர் இதற்கும் வழி சொன்னார் என்பது மனதை நெருடத்தான் செய்கிறது. அதை மறைத்துவிட்டு அவர் கதையைச் சொல்ல முடியாது.

லாஸ் அலமாஸில் 'மேனியாக்' என்று ஒரு கணினி இருந்தது. 1956-இல் உலாமும் அவருடைய நண்பர்களும் அதற்குச் சதுரங்கம் கற்றுக்கொடுத்தார்கள். அது மெதுவான கணினி. 64 கட்டம் தாங்காது. அதனால் பலகையை 6-க்கு 6 என்று 36 கட்டமாகக் குறைத்து, பிஷப் காய்களையும் (சில வீடுகளில் மந்திரி என்பார்கள்) எடுத்துவிட்டார்கள். அப்படியும் ஒரு நகர்த்தலுக்குச் சுமார் 12 நிமிடம் யோசித்தது! நன்றாக ஆடத் தெரிந்த ஒருவர் தன் ராணியை எடுத்து வைத்துவிட்டு ஆடி, கணினியைத் தோற்கடித்தார். பிறகு ஒரு வாரம் முன்புதான் சதுரங்கம் கற்ற ஒருவரை உட்கார வைத்தார்கள். கணினி ஜெயித்தது! சதுரங்கம் போன்ற ஒரு விளையாட்டில் இயந்திரம் மனிதனை வென்றது அதுதான் முதல் முறை.

இனி, உலாமின் பெயரைப் பள்ளிப் பிள்ளைகள் வரைக்கும் கொண்டுவந்த கதைக்கு வருவோம்.

1963. ஓர் அறிவியல் கூட்டம். ஒருவர் நீளமாக ஒரு கட்டுரையை வாசித்துக்கொண்டிருந்தார். கேட்டுக்கொண்டிருந்த உலாமுக்குக் கொட்டாவி வந்தது. வகுப்பில் நீங்கள் செய்வதைத்தான் அவரும் செய்தார். தாளில் கிறுக்க ஆரம்பித்தார்! குறுக்கும் நெடுக்குமாகக் கோடு போட்டுக் கட்டம் வரைந்தார். ஒரு சதுரங்கப் புதிர் தயாரிக்கலாம் என்பதுதான் முதலில் எண்ணம். ஆனால் கை வேறு வேலை செய்தது. நடுவில் 1 என்று எழுதி, அதைச் சுற்றிச் சுற்றி 2, 3, 4 என்று எழுதிக்கொண்டே போனார்.

நீங்களும் ஒரு கட்டம் போட்ட தாளை எடுத்துக்கொள்ளுங்கள். தாயக்கட்டத்தில் காய் வெளியிலிருந்து சுற்றிச் சுற்றி நடுவுக்குப் போய்ப் பழமாகும் அல்லவா? இங்கே அதற்கு நேர் எதிர். நடுவிலிருந்து வெளியே வர வேண்டும், சதுரமான முறுக்கு மாதிரி. 1-க்கு வலப்பக்கம் 2. அதற்கு மேலே 3. பிறகு இடப்பக்கம் திரும்பி 4, 5. கீழே இறங்கி 6, 7. மீண்டும் வலப்பக்கம் 8, 9, 10. இப்படியே போனால் 49 வரை வருவது இது:

37 36 35 34 33 32 31
38 17 16 15 14 13 30
39 18 5 4 3 12 29
40 19 6 1 2 11 28
41 20 7 8 9 10 27
42 21 22 23 24 25 26
43 44 45 46 47 48 49

இப்போது பகா எண்களை மட்டும் வட்டமிடுங்கள். ஒன்றாலும் தன்னாலும் மட்டுமே மீதியின்றி வகுபடும் எண்கள். 2, 3, 5, 7, 11, 13... உங்களுக்குத் தெரிந்ததுதானே.

19, 7, 23, 47 ஆகிய நான்கும் சாய்வாக ஒரே கோட்டில் நிற்பதைப் பாருங்கள்! மேலே இடது மூலையிலிருந்து 37, 17, 5. வலது மூலையிலிருந்து 31, 13, 3. பகா எண்கள் எப்போது வரும், எப்போது வராது என்று ஒழுங்கே இல்லாமல் வருபவை. இங்கே வந்ததும் பிஷப் நடக்கும் சாய்வுக் கோடுகளில் வரிசை கட்டி நின்றன!

இதில் ஒரு பாதிக்குக் காரணம் சுலபம். பலகைக்குச் சதுரங்கம் போலக் கறுப்பு வெள்ளை பூசினால், ஒற்றைப்படை எண்கள் எல்லாம் ஒரே நிறத்திலும், இரட்டைப்படை எண்கள் எல்லாம் மற்ற நிறத்திலும் விழும். 2-ஐத் தவிர எல்லாப் பகா எண்களும் ஒற்றைப்படை. அதனால் ஒரே நிறக் கட்டங்களில்தான் இருந்தாக வேண்டும். ஒரே நிறக் கட்டங்கள் ஒன்றையொன்று தொடுவது மூலையில் மட்டும்தானே! ஆனால் சில சாய்வுக் கோடுகளில் மட்டும் பகா எண்கள் கூட்டமாகவும், சிலவற்றில் வெறுமையாகவும் இருப்பது ஏன்? அந்த மீதிப் பாதியை இன்னும் யாராலும் முழுதாக நிரூபிக்க முடியவில்லை.

உலாம் ஊர் திரும்பியதும் நண்பர்கள் ஸ்டைன், வெல்ஸ் ஆகியோரோடு சேர்ந்து கணினியில் 65,000 வரைக்கும் சுருளை வரைய வைத்தார். அவ்வளவு பெரிய படத்திலும் சாய்வுக் கோடுகள் மறையவில்லை! 1964 மார்ச் மாதம் 'சயின்டிஃபிக் அமெரிக்கன்' இதழின் அட்டையிலேயே அந்தப் படம் வந்தது. கிறுக்கலுக்கு 'உலாம் சுருள்' என்று பெயரும் வந்தது.

பிறகு கொலராடோ பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்தார். 1984 மே 13 அன்று, 75-வது வயதில், நியூ மெக்சிகோவின் சான்டா ஃபே நகரில் மாரடைப்பால் காலமானார்.

அவர் முதலில் போட நினைத்தது சதுரங்கப் புதிர் என்று சொன்னேன் அல்லவா? அதை மற்றவர்கள் போட்டார்கள், அவர் இறந்து பல ஆண்டுகள் கழித்து!

நீல் ஸ்லோன் என்ற கணித அறிஞர் 1964 முதல் விதவிதமான எண் வரிசைகளைத் திரட்டி வந்தார். சிலர் தபால் தலை சேர்ப்பது போல! இன்று அந்தத் திரட்டில் மூன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட வரிசைகள் இருக்கின்றன. 2018-இல் அதில் ஒரு குதிரை வந்து சேர்ந்தது. சுருள் பலகையில் 1-இல் ஒரு சதுரங்கக் குதிரையை நிறுத்துங்கள். பலகைக்கு எல்லையே கிடையாது. விதி இரண்டே இரண்டு. தாவக்கூடிய கட்டங்களில் மிகச் சிறிய எண்ணுக்குத்தான் தாவ வேண்டும். ஒரு முறை நின்ற கட்டத்தில் மறுபடி நிற்கக் கூடாது.

1-லிருந்து எட்டுக் கட்டங்களுக்குத் தாவலாம்: 10, 12, 14, 16, 18, 20, 22, 24. சிறியது 10. அங்கிருந்து 3. அங்கிருந்து 6. இப்படியே 1, 10, 3, 6, 9, 4, 7, 2, 5, 8, 11, 14 என்று போகிறது. ஒற்றை, இரட்டை, ஒற்றை, இரட்டை என்று மாறி மாறி வருகிறதா? தாவும்போதெல்லாம் குதிரை நிறம் மாறும் என்று முன்பே பார்த்தோமே, அதுதான் காரணம்.

எல்லையில்லாத பலகை ஆயிற்றே, குதிரை என்றைக்கும் ஓடிக்கொண்டே இருக்கும் என்றுதானே நினைக்கிறீர்கள்? இல்லை! 2016-வது கட்டமாக 2084 என்ற எண்ணில் போய் நிற்கிறது. அங்கிருந்து தாவக்கூடிய எட்டுக் கட்டங்களிலும் ஏற்கெனவே நின்றுவிட்டது. சுற்றிலும் எல்லையில்லாத பலகை விரிந்து கிடக்க, நகர இடமில்லாமல் மாட்டிக்கொண்டது. 'மாட்டிக்கொண்ட குதிரை' என்றுதான் அந்த வரிசைக்குப் பெயர்.

மேலே இருக்கும் 49 கட்டத்திலேயே முதல் பன்னிரண்டு கட்டங்களைப் பென்சிலால் போட்டுப் பார்க்கலாம். பன்னிரண்டாவதாக 14-இல் நிற்கும்போது அடுத்து எங்கே தாவும் என்று கண்டுபிடிக்க, 49-க்கு வெளியே இன்னொரு சுற்றும் எழுத வேண்டியிருக்கிறதா என்று நீங்களே பாருங்கள்.